எழுதியதெல்லாம் பத்திரமாக இருக்கிறது

எந்த மென்பொருளில் எழுதிவைப்பது என்று தீர்மானிக்க ஓர் அலுவலகம் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டால் அதை வெட்டி வேலை என்று சொல்ல நாலு பேர் வந்துவிடுகிறார்கள். விவரம் போதாதவர்கள். அந்த இரண்டு மாதமும் யாரும் ஒரு வரிகூட எழுத வேண்டியதில்லை என்ற லாபம் அவர்கள் கணக்கில் வருவதே இல்லை. “எங்க எழுதறதுன்னு முதல்ல முடிவாகட்டும் சார், அப்புறம் மொத்தமா உக்காந்து எழுதிடலாம்” என்று ஒரு சீனியர் சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சுக்கு இடமில்லை. ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எக்செல் திறப்பார்கள். மேலே வரிசையாகக் கான்ஃப்ளூயன்ஸ், நோஷன், ஷேர்பாயின்ட், கூகுள் டாக்ஸ், ஜோஹோ. இடப்பக்கம் விலை, பாதுகாப்பு, தேடல், மொபைல் ஆப், ஏஐ. கட்டத்துக்குக் கட்டம் பச்சை டிக். அந்த வருஷம் அந்த ஆபீஸில் ஆரம்பித்து முடிக்கப்பட்ட ஒரே ஆவணம் பெரும்பாலும் அந்த எக்செல்தான். அதுவும் யாரோ ஒருவருடைய லேப்டாப் டெஸ்க்டாப்பில் இருக்கும்.

எது ஜெயித்தாலும் கவலையில்லை. ஒன்றுக்கொன்று சளைத்தது இந்த வரிசையில் கிடையாது. குழுவாக வேலை செய்கிறவர்களுக்கு இவை ஆற்றிவரும் தொண்டைப் பற்றி விற்பனைப் பிரதிநிதிகள் சொல்வது போதாது என்பது என் கட்சி. அவர்கள் பாவம், அடக்கமாகப் பேசுகிறவர்கள்.

எழுதுவதற்கு முன்பு பேச வேண்டுமே, அதனால் முதல் மரியாதை அரட்டை மென்பொருளான ஸ்லாக்குக்கு. ஸ்டூவர்ட் பட்டர்ஃபீல்டும் அவருடைய கூட்டாளிகளும் ‘கிளிட்ச்’ என்று ஓர் ஆன்லைன் விளையாட்டைச் செய்தார்கள். விளையாடப் போதுமான ஆள் வரவில்லை. 2012 டிசம்பரில் இழுத்து மூடினார்கள். வான்கூவரிலும் சான்ஃபிரான்சிஸ்கோவிலுமாகப் பிரிந்து கிடந்த அந்தக் குழு தங்களுக்குள் பேசிக்கொள்ளச் செய்துவைத்திருந்த அரட்டைக் கருவி மட்டும் மிஞ்சியது. அதை 2014-ல் ஊருக்குத் திறந்துவிட்டார்கள். 2021-ல் சேல்ஸ்ஃபோர்ஸ் அதை 2,770 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. விளையாட்டுக்காரர்கள் கைவண்ணம் என்பது இன்றைக்கும் தெரிகிறது. சிவப்புப் புள்ளி வரும், அழுத்தினால் போய்விடும், ஒரு வேலையை முடித்த திருப்தி வரும், மறுபடி புள்ளி வரும். காலை பத்திலிருந்து மாலை ஆறு வரை புள்ளிகளை அணைத்துவிட்டு எழுந்திருக்கிறவருக்கு வருகிற களைப்பு நிஜமான களைப்பு. அதில் யாரும் குறை சொல்ல முடியாது.

பேசியதெல்லாம் சேமித்திருக்கும், தேடினால் கிடைக்கும் என்பதுதான் ஸ்லாக் கொடுத்த வாக்கு. கிடைக்கிறது. “சர்வர்” என்று தேடிப் பாருங்கள்: “சர்வர் டவுனா?”, “எனக்கும்”, “எனக்கு ஓகே”, ஒரு கட்டைவிரல், “இப்ப ஓகே, தேங்க்ஸ் ப்ரோ” என்று அறிவுக் களஞ்சியம் அப்படியே வந்து விழும். என்ன செய்ததால் ஓகே ஆனது என்பது மட்டும் இருக்காது. அதை இரண்டு பேர் தனி மெசேஜில் பேசி முடித்திருப்பார்கள்.

காசு கட்டாத சின்னக் கம்பெனிகளுக்கு ஸ்லாக் காட்டும் கருணை தனி. 2022 செப்டம்பரிலிருந்து இலவசக் கணக்கில் கடைசி 90 நாள் பேச்சு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். ஓராண்டைத் தாண்டிய பேச்சு 2024-லிருந்து அழிந்தே போகிறது. நம் ஊர் ஐடி கம்பெனிகள் பலவற்றில் நோட்டீஸ் பீரியடும் 90 நாள்தான். யாரும் திட்டமிட்டுச் செய்யவில்லை, ஆனால் அமைந்துவிட்டது: ராஜினாமாவுக்கு முன்பு ஒருவர் சொல்லிவைத்ததெல்லாம் அவர் கடைசி நாள் கேக் வெட்டும்போது திரையிலிருந்து மறைந்திருக்கும்.

நோட்டீஸ் பீரியட் என்றதும் கேடியைச் சொல்லாமல் போவது நன்றிகெட்டதனம். போகிறவர் இருக்கிறவருக்கு அறிவை மாற்றிக் கொடுக்கும் சடங்குக்குக் கேடி என்று பெயர். “இந்த ஜாப் ஏன் ராத்திரி ரெண்டு மணிக்கு ஓடுது ப்ரோ?” “தெரியல ப்ரோ, நான் வந்தப்பவே அப்படித்தான் ஓடிட்டிருந்துச்சு. அத மட்டும் தொட்டுடாதீங்க.” இதையெல்லாம் டீம்ஸில் ரெக்கார்டு செய்வது வழக்கம், எதிர்கால சந்ததிக்காக. டீம்ஸ் ரெக்கார்டிங், நிர்வாகி மாற்றிவைக்காத வரை, 120 நாளில் காலாவதியாகிவிடும். நோட்டீஸின் முதல் நாளே பொறுப்பாக ரெக்கார்டு செய்தாலும் ஆள் போய் ஒரு மாதத்தில் வீடியோவும் பின்னாலேயே போய்விடும். வேலையை விட்டவருடைய ஒன்டிரைவ் கோப்புகளுக்கும், அமைப்பை யாரும் தொடாவிட்டால், கணக்கை நீக்கியபின் 30 நாள்தான் ஆயுள். துக்கம் காப்பதற்குக்கூட ஒரு கால வரம்பு வைத்திருக்கிறார்கள். மைக்ரோசாஃப்ட்டில் பண்பாடு தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

டீம்ஸ் பிறந்த கதையும் சுவையானது. 2016 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அதை அறிவித்தபோது ஸ்லாக் நிறுவனம் நியூயார்க் டைம்ஸில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து வாழ்த்தியது. கூடவே, தொழில் எப்படிச் செய்ய வேண்டும் என்று மைக்ரோசாஃப்ட்டுக்கு நாலு புத்திமதி. வாழ்த்துவதுபோல் ஊசி ஏற்றும் வித்தை தமிழ்ப் புலவர்களின் சொத்து என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அது ஓர் அதிர்ச்சி. நாலு வருஷம்கூட ஆகவில்லை, 2020 ஜூலையில் அதே ஸ்லாக் ஐரோப்பிய ஆணையத்திடம் போய், ஆபீஸ் மென்பொருளோடு டீம்ஸைச் சேர்த்துக் கட்டி விற்கிறார்கள் என்று புகார் கொடுத்தது. வழக்கு ஓய 2025 செப்டம்பர் ஆயிற்று. டீம்ஸ் இல்லாத ஆபீஸைக் குறைந்த விலைக்குத் தருகிறோம் என்று மைக்ரோசாஃப்ட் ஒப்புக்கொண்டது. 2023-ல் டீம்ஸை மாதம் 32 கோடிப் பேர் பயன்படுத்தினார்கள். அவர்களில் யாராவது அதைத் தேர்ந்தெடுத்தார்களா என்று கேட்பது நாகரிகமில்லை.

அதே 2023-ல் புதிய டீம்ஸ் வந்தது. பழையதைவிட இரண்டு மடங்கு வேகம், பாதி நினைவகம் போதும் என்று மைக்ரோசாஃப்ட்டே அறிவித்தது. அதற்கு முந்தைய ஆறு வருஷமும் நம் லேப்டாப் விசிறிகள் கொடுத்த குரலுக்கு இதைவிட நேர்மையான சான்றிதழை யார் தர முடியும்? கொஞ்ச காலம் விண்டோஸில் இரண்டு டீம்ஸ் இருந்தன, வீட்டுக்கு ஒன்று, ஆபீஸுக்கு ஒன்று. மீட்டிங் லிங்கை அழுத்தினால் எது திறக்கும் என்பது அன்றைய யோகத்தைப் பொறுத்தது. 2024-ல் இரண்டையும் ஒன்றாக்கி அந்த ஒரு விறுவிறுப்பையும் எடுத்துவிட்டார்கள். டீம்ஸில் போடும் கோப்பு உண்மையில் டீம்ஸில் இருப்பதில்லை என்பது மட்டும் இன்னும் அப்படியே இருக்கிறது. சேனலில் போட்டால் ஷேர்பாயின்ட்டில் இருக்கும். தனி அரட்டையில் அனுப்பினால் அனுப்பியவருடைய ஒன்டிரைவில் இருக்கும். ஒரே கோப்பை மூன்று இடத்தில் போடலாம், மூன்றிலும் மூன்று வேறு பிரதிகளைத் திருத்தலாம். இத்தனை சுதந்திரம் வேறெங்கே?

இனி கான்ஃப்ளூயன்ஸ். இதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

சிட்னியில் 2002-ல் இரண்டு கல்லூரி நண்பர்கள் கிரெடிட் கார்டுக் கடனில் தொடங்கிய அட்லாசியன், 2004-ல் கான்ஃப்ளூயன்ஸை வெளியிட்டது. குழுவுக்கு ஓர் இடம், இடத்துக்குள் பக்கங்கள், பக்கத்துக்குள் பக்கங்கள், அதற்குள்ளும் பக்கங்கள். எத்தனை ஆழம் போனாலும் தட்டுப்படாத தரை. பத்து வருஷம் ஆன எந்தக் கான்ஃப்ளூயன்ஸையும் திறந்து பாருங்கள்: ‘ரிலீஸ் முறை’, ‘ரிலீஸ் முறை புதியது’, ‘ரிலீஸ் முறை புதியது இறுதி’, கடைசியில் ‘ரிலீஸ் முறை – இதைப் பயன்படுத்த வேண்டாம்’. எல்லாரும் பயன்படுத்துவது கடைசிப் பக்கத்தைத்தான், சரியான தகவல் இருப்பது அதில் மட்டும் என்பதால். புதிதாகச் சேர்ந்தவருக்கு இதை எந்தப் பக்கமும் சொல்லாது. தேடினால் 2017-ல் நடந்த ஏதோ ஒரு மீட்டிங்கின் குறிப்பு முதலில் வரும்: யார் யார் வந்தார்கள், யார் வரவில்லை, முடிவு ‘அடுத்த மீட்டிங்கில் பேசலாம்’. அவர் திரும்பிப் பார்ப்பார். பக்கத்து சீட்டிலிருந்து யாராவது சொல்வார்கள், “டெஸ்டிங் டீம்ல மேடம் இருக்காங்கல்ல, அவங்கள கேளுங்க.” அந்த மேடம் பதினைந்து வருஷமாக அங்கே இருக்கிறார். லைசென்ஸ் வேண்டாம், லாகின் வேண்டாம், கேட்ட கேள்விக்குப் பதிலும், கேட்காமல் விட்ட கேள்விக்கு ஓர் எச்சரிக்கையும் சேர்த்துத் தருவார். அப்ரைசலில் இதற்கென்று ஒரு கட்டம் இல்லாததால் அவருக்கு அதில் எதுவும் கிடைப்பதில்லை.

யார் எழுதியது என்று பார்த்துக் கேட்டுக்கொள்ளலாமே என்பீர்கள். அட்லாசியனில் கணக்கு நீக்கப்பட்டவர்களின் பெயர் இருந்த இடத்தில் ‘முன்னாள் பயனர்’ என்ற பொருளில் ஒரு சொல்தான் நிற்கும். பல கம்பெனிகளில் முக்கியமான முடிவுகள் எல்லாவற்றையும் எடுத்தவர் இந்த முன்னாள் பயனர்தான். டேட்டாபேஸை மாற்றியவர் அவர், வரிக் கணக்கீட்டில் விதிவிலக்கு வைத்தவர் அவர், ‘காரணம் பின்னர் எழுதப்படும்’ என்று எழுதியவரும் அவரே. எல்லாக் கிளைகளிலும் வேலை பார்த்து, எங்கேயும் சம்பளம் வாங்காமல் போன உத்தமர்.

தொண்டைமானிடம் தூது போன அவ்வைக்கு அவன் தன் படைக்கொட்டிலைச் சுற்றிக் காட்டினான். மயிற்பீலியும் மாலையுமாக, நெய் பூசி, பளபளவென்று காவலோடு இருந்தன ஆயுதங்கள். எங்கள் அதியமானுடையவை நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் அல்லவா கிடக்கின்றன என்று அவ்வை வருத்தப்பட்டுக்கொண்டார். நம் ஆபீஸ்களின் ஆவணக் கிடங்குகளை அவ்வை பார்த்திருந்தால் இன்னும் வருத்தப்பட்டிருப்பார். பேனர் படம், ஈமோஜி, வண்ணப் பெட்டிகள், தானே உருவாகும் பொருளடக்கம். படித்துக் கசங்கிய தடமே இல்லாத தூய்மை.

கான்ஃப்ளூயன்ஸின் பெருமைக்கு மகுடம் வைத்தது 2022 ஏப்ரல் 5. அட்லாசியன் தன் கிளவுடில் பழைய செயலி ஒன்றை வாடிக்கையாளர்களின் தளங்களிலிருந்து நீக்க வேண்டியிருந்தது. ஒரு குழு இன்னொரு குழுவிடம் வேலையைக் கொடுத்தது. நீக்க வேண்டிய செயலியின் அடையாள எண்களைக் கொடுப்பதற்குப் பதிலாகச் செயலி இருந்த முழுத் தளங்களின் எண்களைக் கொடுத்துவிட்டது. வாங்கிய குழு ஸ்கிரிப்டை ஓட்டியது. ஸ்கிரிப்ட் எந்த எண்ணையும் ஏற்கும்; ‘முழுத் தளத்தையும் அழிக்கப் போகிறாயே, நிச்சயம்தானா?’ என்று கேட்டு யாருடைய மனத்தையும் நோகடிக்காது. 23 நிமிஷத்தில் 775 வாடிக்கையாளர்களின் 883 தளங்கள் போயின. சிலருக்குத் திரும்பி வர இரண்டு வாரம் ஆனது; கடைசித் தளம் மீண்டது ஏப்ரல் 18.

பின்னர் அட்லாசியன் நீண்ட அறிக்கை ஒன்றை வெளியிட்டது. ஒளிவுமறைவில்லாத அறிக்கை. காரணங்களில் முதலாவதாக அதில் சொல்லப்பட்டது: வேலை கொடுத்த குழுவுக்கும் செய்த குழுவுக்கும் இடையே தகவல் தொடர்பில் விழுந்த இடைவெளி. குழுக்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் மென்பொருளை இருபது வருஷமாக உலகத்துக்கு விற்றுவரும் நிறுவனம், கைவசம் ஜிராவும் கான்ஃப்ளூயன்ஸும் ட்ரெல்லோவும் வைத்திருக்கும் நிறுவனம், தன் இரண்டு குழுக்களுக்குள் ஓர் எண்ணைச் சரியாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை என்று தானே ஒப்புக்கொண்டது. பிழை கருவியில் இல்லை என்பதற்கு இதைவிட வேறு ஆதாரம் வேண்டுமா? கருவி நன்றாக ஓடியது. சொன்னதைச் சொன்ன வேகத்தில் செய்தது.

அழிந்ததில் ஒரு நேர்த்தியும் இருந்தது. பாதிக்கப்பட்டவற்றில் கான்ஃப்ளூயன்ஸ் மட்டுமல்ல, ஆபத்து வந்தால் நடுராத்திரியில் எழுப்பும் ஆப்ஸ்ஜீனியும், ‘எங்கள் சேவை தடைப்பட்டிருக்கிறது’ என்று ஊருக்கு அறிவிக்கும் ஸ்டேட்டஸ்பேஜும் இருந்தன. அதாவது அபாயமணி, அறிவிப்புப் பலகை, இப்படி நடந்தால் என்ன செய்வது என்று எழுதிவைத்த பக்கம், மூன்றும் ஒரே நேரத்தில். புகார் கொடுக்கலாமென்றால் படிவம் தளத்தின் முகவரியைக் கேட்டது, தளம்தான் இல்லையே. வாடிக்கையாளரைத் தொடர்புகொள்ள வேண்டிய விவரங்களும் தளத்தோடு சேர்ந்து போயிருந்தன. எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் என்று விளம்பரத்தில் சொன்னதை அவர்கள் மீறவேயில்லை.

சொந்த சர்வரில் வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் நினைத்திருக்கலாம். அந்தக் கவலையையும் அட்லாசியனே எடுத்துக்கொண்டது. சர்வர் பதிப்புக்கு 2024 பிப்ரவரி 15-ல் ஆதரவு முடிந்தது. அதைவிட விலைகூடிய டேட்டா சென்டர் பதிப்பும் 2029-ல் முடியும் என்று சொல்லிவிட்டார்கள். நம் அலுவலகத்து ரகசியத்தை நாமே சுமக்கும் பாரம் இனி நமக்கில்லை.

நோஷனைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். 2015 வாக்கில் பணம் கரைந்து, ஆட்களை அனுப்பிவிட்டு, நிறுவனர்கள் கியோட்டோவுக்குப் போய் உட்கார்ந்து புதிதாகச் செய்த மென்பொருள் அது. அந்த ஊரின் அமைதி அதில் இருக்கிறது. வெள்ளைப் பக்கம், நடுவில் ஒரு தலைப்பு, மேலே ஓர் ஓவியம். பக்கம் அட்டவணையாகும், அட்டவணை காலண்டராகும், காலண்டர் கான்பன் பலகையாகும். ஒரே விஷயத்தை ஐந்து கோலத்தில் காட்டலாம் என்பதால் ஐந்து கோலத்தையும் அமைத்து முடித்தபின் விஷயத்தை எழுத நேரமில்லாமல் போவது இயல்பு. இணையம் இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க ஒழுங்கான வசதி 2025-ல்தான் வந்தது. அதுவரை இணையம் போன நேரத்தில் ‘இணையம் போனால் செய்ய வேண்டியவை’ பக்கத்தைத் திறக்க முயன்றவர்களுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தது நோஷன்.

கூகுளின் கைராசி ஊரறிந்தது. டாக்ஸ் என்ற ஒன்றை 2006-ல் ரைட்லி என்ற சின்னக் கம்பெனியை வாங்கித் தொடங்கி இன்றுவரை மூடாமல் வைத்திருக்கிறார்கள். இதற்கே ஒரு விழா எடுக்கலாம். மின்னஞ்சல், அரட்டை, ஆவணம் எல்லாவற்றையும் ஒன்றாக்கும் என்று 2009 மே மாதம் கைதட்டலோடு காட்டிய ‘வேவ்’ 2010 ஆகஸ்டில் கைவிடப்பட்டது. அதைச் செய்தவர்களும் சிட்னிக்காரர்கள்தான். அந்த ஊர்த் தண்ணீரில் ஏதோ இருக்கிறது. ஹேங்அவுட்ஸ், அல்லோ, கரன்ட்ஸ் என்று அடுத்தடுத்து வந்தவையும் போய்ச் சேர்ந்தன. பழைய பேச்சைத் தேடிப் புலம்பும் கெட்ட பழக்கத்திலிருந்து மனிதர்களை விடுவிக்க வேறு எந்த நிறுவனமும் இவ்வளவு முதலீடு செய்ததில்லை. மிஞ்சியிருக்கும் டாக்ஸில் லிங்கை அழுத்தினால் ‘அனுமதி தேவை’ என்று வரும். அனுமதி கேட்டால் உரிமையாளருக்கு மெயில் போகும். உரிமையாளர் மகப்பேறு விடுப்பில் இருப்பார், அல்லது பெங்களூரில் வேறு கம்பெனியில் இருப்பார்.

நம் ஊர்க் கம்பெனி என்பதால் ஜோஹோவுக்குச் சலுகை காட்டுகிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. கூகுள் டாக்ஸுக்கு முன்னாலேயே, 2005-ல், ரைட்டரை வெளியிட்டவர்கள் அவர்கள். இப்போது பேச கிளிக், ஊருக்குச் சொல்ல கனெக்ட், கோப்பு வைக்க ஒர்க்டிரைவ், வேலை பிரிக்க புராஜெக்ட்ஸ், பாடம் எழுத லேர்ன் என்று வீட்டிலிருக்கும் ஒவ்வொருவருக்கும் ஓர் அறை. விலையும் கையைக் கடிக்காது. நேற்றுப் பார்த்த கோப்பு எந்த அறையில் என்று கண்டுபிடிக்கிற வேலை மட்டும் நம்முடையது.

இவர்கள் எல்லாருக்கும் தாத்தா ஒருவர் இருக்கிறார். ரே ஓஸியின் லோட்டஸ் நோட்ஸ், 1989. 1995-ல் லோட்டஸ் கம்பெனியை ஐபிஎம் 350 கோடி டாலருக்கு வாங்கியது. நோட்ஸையும் வேறு சில பொருள்களையும் சேர்த்து 2019-ல் 180 கோடிக்கு வாங்கியது, தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான சிவ் நாடார் நிறுவிய எச்சிஎல். திட்டாதவர் இல்லை, ஆனாலும் நோட்ஸ் இன்னும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. உள்ளே போன தகவலை வெளியே எடுத்து வேறு இடத்தில் வைக்கச் செலவு அவ்வளவு. பிந்தி வந்த எல்லாரும் தாத்தாவிடம் கற்றுக்கொண்ட முதல் பாடம் அதுதான். கான்ஃப்ளூயன்ஸிலிருந்து ஏற்றுமதி செய்தால் மேக்ரோக்கள் உதிர்ந்துவிடும். நோஷனிலிருந்து எடுத்தால் அழகான அட்டவணை சிஎஸ்வி கோப்பாகப் பிரிந்து நிற்கும். ஸ்லாக்கில் தனிச் சேனல்களை எடுக்க உயர்ந்த திட்டமும் மேலிடத்து ஒப்புதலும் வேண்டும். உறவு முறியக்கூடாது என்பதில் எல்லாருக்கும் ஒரே மனசு.

விலை முறையையும் பாராட்ட வேண்டும். அநேகமாக எல்லாமே தலைக்கு இவ்வளவு, மாதத்துக்கு இவ்வளவு. எழுதுகிறவர் தலையும் படிக்கிறவர் தலையும் பெரும்பாலும் ஒரே விலை. எனவே சிக்கனமான ஃபைனான்ஸ் துறை, “சப்போர்ட் டீமுக்கு எதுக்கு லைசென்ஸ், அவங்க சும்மா படிக்கத்தானே போறாங்க?” என்று கேட்கும். நியாயமான கேள்வி. வாடிக்கையாளரிடம் தினமும் திட்டு வாங்குகிறவருக்கு ஆவணம் எதற்கு? யாராவது நல்ல மனசுக்காரர் பக்கத்தை பிடிஎஃப் ஆக்கி வாட்ஸ்அப் குழுவில் போடுவார். அந்த பிடிஎஃப் மூன்று வருஷம் கைமாறிக் கைமாறி வாழும். மூலப் பக்கம் திருத்தப்பட்ட செய்தி அதற்கு ஒருபோதும் எட்டாது. லட்சக்கணக்கில் கட்டி வாங்கிய மென்பொருளுக்குப் பின்னால் உண்மையான ஆவணக் கிடங்காக இருப்பது அந்த வாட்ஸ்அப் குழுவும், ‘மாஸ்டர் லிஸ்ட்’ என்று யாரோ பெயர் வைத்த எக்செல்லும்தான்.

இத்தனை நல்லவற்றுக்கு நடுவில் திட்ட வேண்டியதும் ஒன்று உண்டு. சில பிடிவாதக்கார புரோகிராமர்கள் கோடு இருக்கும் கோப்புறையிலேயே வெறும் டெக்ஸ்ட் கோப்பாக விளக்கத்தை எழுதி, ஒவ்வொரு திருத்தத்தையும் குறித்துவைக்கும் கிட்டில் போட்டுவிடுகிறார்கள். அசிங்கம். பேனர் கிடையாது, ஈமோஜி கிடையாது. கோடை மாற்றினால் பக்கத்தையும் மாற்று என்று ரிவ்யூவில் இன்னொருவர் மூக்கை நுழைப்பார். யார், எப்போது, ஏன் மாற்றினார் என்பது வரிக்கு வரி தெரிந்துவிடும். முன்னாள் பயனருக்குப் பின்னால் ஒளிய வழியே இல்லை. இருபது வருஷம் கழித்தும் நோட்பேடில் திறக்கும், மாதச் சந்தாவும் இல்லை. இப்படிப்பட்ட பொருளை வைத்துக்கொண்டு ஒரு தொழில் எப்படி வளரும்? 1995-ல் வார்ட் கன்னிங்ஹாம் முதல் விக்கியைத் திறந்தபோதும் இதே தவறைத்தான் செய்தார். யார் வேண்டுமானாலும் வந்து உடனே திருத்தலாம் என்று விட்டார். அனுமதி கேட்கும் பட்டன் வைக்கத் தோன்றவில்லை. அந்த அனுபவக்குறைவைச் சரிசெய்யத்தான் பின்னால் வந்தவர்கள் இவ்வளவு பாடுபட்டார்கள்.

இப்போது ஏஐ வந்துவிட்டதால் மிச்ச சொச்சக் கஷ்டமும் தீர்ந்தது. மைக்ரோசாஃப்ட் 2023-ல் கோபைலட்டை ஆளுக்கு மாதம் 30 டாலர் என்று கொண்டுவந்தது. அட்லாசியனுக்கு ரோவோ, நோஷனுக்கு அதன் சொந்த ஏஐ. முன்பெல்லாம் 2017-ன் பழைய பக்கத்தை நாமே தேடிக் கண்டுபிடித்து, படித்து, ஏமாற வேண்டும். கண்டுபிடிப்பதே கஷ்டம் என்பதால் பாதிப்பேர் ஏமாறாமல் தப்பித்துவிடுவார்கள். இனி அந்தக் குறை இல்லை. கேட்ட மாத்திரத்தில் பழைய பக்கம், ‘புதியது இறுதி’ பக்கம், வராதவர்கள் பட்டியலுள்ள மீட்டிங் குறிப்பு எல்லாவற்றையும் பிசைந்து, தெளிவான மூன்று பத்தியில், தயக்கமில்லாமல் பதில் வரும். யாருக்கும் தெரியாமல் கிடந்த சம்பளப் பட்டியலும், அனுமதிகளை ஒழுங்காகப் போட்டுவைக்காத ஆபீஸ்களில், கேட்காமலே வந்து நிற்கும். டெஸ்டிங் டீம் மேடத்துக்குப் பதிலாக இதை வைத்துக்கொள்ளலாம் என்று எங்கோ ஒரு மேலாளர் இந்நேரம் கணக்குப் போட்டிருப்பார். கணக்குச் சரியாகத்தான் வரும், ஏனென்றால் அந்த மேடத்துக்குத் தெரிந்தது எதுவும் எந்தப் பக்கத்திலும் இல்லை. அதற்கு விலையும் இல்லை.

எனவே அடுத்த வாரம் உங்கள் அலுவலகத்தில் ஒப்பீட்டுக் கூட்டம் இருந்தால் தைரியமாகப் போய் உட்காருங்கள். எதை வேண்டுமானாலும் வாங்குங்கள், எல்லாவற்றையும் சேர்த்தே வாங்குங்கள். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் வேலையிலிருக்கும் ஒருவர் பெயர் போட வேண்டும், ஆறு மாதம் யாரும் தொடாத பக்கத்தை அழிக்க வேண்டும், எழுதுவதற்கென்று ஸ்பிரின்டில் மணிநேரம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் யாராவது எழுந்து பேசுவார். அவரை மறுபடி அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடாதீர்கள்.